நெல்லுக்குத் தூவிய பாதரசம்

ஊரில் வயல் செய்தவர்களுக்கு எரிபந்தம் என்ற பெயரைக் கேட்டாலே வயிறு கலங்கும். முதலில் இலையில் கண் வடிவத்தில் புள்ளி விழும். பிறகு கதிரின் கழுத்து கறுத்து ஒடியும், நெல் பதராகும். தமிழ்நாட்டில் இதைக் குலை நோய் என்பார்கள். இது ஒரு பூஞ்சண நோய். இதற்கு மனிதன் தேடிய மருந்தின் கதையில், நாம் வந்து குடியேறிய ஜேர்மனிக்கும் ஒரு பங்கு உண்டு.

1915 இல் பாயர் நிறுவனம் 'உஸ்புலுன்' என்ற பாதரச மருந்தை விற்பனைக்கு விட்டது. கோதுமை விதையை விதைக்க முன்னர் அதில் நனைத்து எடுப்பார்கள். 1929 இல் 'செரசான்' வந்தது, அதுவும் பாதரசம்தான். இங்கே அதை விதையோடு நிறுத்திக்கொண்டார்கள். யப்பானிலோ 1950களில் செரசானைச் சுண்ணாம்புத் தூளோடு கலந்து, வயலில் நின்ற நெற்பயிரின் மேலேயே தூவினார்கள். போருக்குப் பின் பசியறிந்த நாடு அது. எரிபந்தம் அடங்கியது, விளைச்சல் கூடியது. ஆனால் பாதரசம் அரிசி மணிக்குள்ளும் போனது.

1956 இல் மினமாட்டாவில் கண்டறியப்பட்ட நரம்பு நோயையும் இதையும் ஒன்றாக்கிப் பேசுவோர் உண்டு. அது சரியல்ல. அங்கே காரணம் ஒரு தொழிற்சாலை கடலில் விட்ட கழிவு. என்றாலும் அந்தத் துயரத்துக்குப் பின் பாதரசம் என்ற சொல்லுக்கே யப்பானியர் அஞ்சினர். 1960களின் பிற்பகுதியில் நெல்லுக்குப் பாதரசம் தூவுவது கைவிடப்பட்டது. அதன் இடத்துக்கு மண்ணின் நுண்ணுயிரிலிருந்து எடுத்த கசுகாமைசின் போன்றவை வந்தன. நாரா நகரின் கசுகா ஆலயப் பக்கத்து மண்ணில் கிடைத்ததால் அந்தப் பெயர்.

1970களில் உருவான டிரைசைக்லசோல் வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. இந்தப் பூஞ்சணத்தின் வித்து இலையில் ஒட்டி, கறுப்பு நிறப்பொருளால் தன்னைச் சுற்றிச் சுவர் எழுப்பி, கார் ரயருக்குள் இருப்பதைப் போல ஏறக்குறைய நாற்பது மடங்கு அமுக்கத்தோடு இலையைத் துளைக்கிறது. மருந்து அதைக் கொல்வதில்லை, அந்தச் சுவரைக் கட்ட விடுவதில்லை. அமுக்கம் ஏறாது, துளையும் விழாது.

2017 இல் ஐரோப்பிய ஒன்றியம் அரிசியில் இந்த மருந்தின் எச்சத்துக்கான எல்லையைக் கிலோவுக்கு 1 மில்லிகிராமிலிருந்து 0.01 ஆகக் குறைத்தது. கணக்கு என் தொழில், பெருக்கிப் பார்த்தேன். 20 கிலோ மூட்டை 5,000 அடுக்கினால் அத்தனைக்குள்ளும் மொத்தம் ஒரு கிராம்! பாஸ்மதி ஏற்றுமதி கெடக்கூடாதென்று பஞ்சாப் மாநிலம் 2022 இல் இதையும் சேர்த்துப் பத்து மருந்துகளின் விற்பனையை 60 நாட்களுக்குத் தடை செய்தது. நமது தட்டுக்கு வரும் அரிசிக்குக் காவல் இருக்கிறது. மருந்து மெசினை முதுகில் சுமந்து, முகத்தில் துணிகூட இல்லாமல் தெளிக்கின்றவர் இந்தக் கணக்கில் வருவதில்லை. அவர் நம்மில் பலருக்கு அண்ணனோ மாமாவோதான்.

மருந்தே கூடாது என்று சொல்ல நான் வரவில்லை. ஒரு காலபோகம் பொய்த்தால் கடன் எத்தனை வருடம் நிற்கும் என்பது வயல் செய்தவர்களுக்குத் தெரியும். ஆனால் வேறு வழியும் இருந்தது. பத்தலகொட ஆராய்ச்சி நிலையம் 1950களின் பிற்பகுதியில் வெளியிட்ட எச்-4 நெல், நல்ல விளைச்சலோடு எரிபந்தத்தைத் தாங்கும் தன்மையையும் கொண்டிருந்தது. அதைப் பயிரிட்ட மூத்த நேயர்கள் எங்கள் வானொலிக்கு எழுதுங்கள், அடுத்த உரையில் வாசிக்கிறேன்.