கடல் வற்றினால்தான் சுனாமி வருமா? தரம் 8 பிள்ளை கேட்ட கேள்வி



கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் எடுத்து வாசியுங்கள், வீட்டுப் பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

போன கிழமை தரம் 8 வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டாள்: "சேர், சுனாமி வர முன்னம் கடல் வத்தும்தானே? வத்தினதைக் கண்டதும் ஓடினாச் சரிதானே?" வகுப்பே ஆமென்று தலையாட்டியது. எனக்குத் திக்கென்றது. ஈச்சிலம்பற்று, வெருகல், மூதூர், கிண்ணியாக் கரைகளில் இருக்கிற நமக்கு அந்த நம்பிக்கை ஆபத்தானது. அந்தப் பிள்ளைகள் எல்லோரும் 2004க்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்குச் சுனாமி என்பது வருடத்துக்கு ஒருமுறை நிற்கும் இரண்டு நிமிட மௌனம் மட்டும்தான்.

நடந்ததைப் பார்ப்போம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை 7 மணியளவில் சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவில் நிலநடுக்கம். அங்கே பூமியின் ஒரு தட்டு மற்றதன் கீழே நுழைந்துகொண்டிருக்கிறது. நெடுங்காலம் இறுகிக் கிடந்த விளிம்பு 1,200 கிலோமீற்றருக்கும் மேலான நீளத்துக்கு ஒரேயடியாக விடுபட்டது. நம் பக்கமாக, மேற்கே இருந்த கடலடி உயர்ந்தது. தாய்லாந்துப் பக்கமாக, கிழக்கே இருந்தது தாழ்ந்தது. மேலே நின்ற நீரும் அப்படியே ஏறி இறங்கியது.

அதனால் தாய்லாந்துக்கு முதலில் போனது அலையின் பள்ளம். அங்கே கடல் வற்றியது. நமக்கு முதலில் வந்தது அலையின் மேடு. வற்றிக் காட்டி எச்சரிக்காமல் கடல் நேரே ஏறி வந்தது. அதற்குப் பிறகுதான் வெகுதூரம் உள்வாங்கியது. "முடிஞ்சுது" என்று நினைத்து, வேடிக்கை பார்க்கவும் மீன் பொறுக்கவும் இறங்கியவர்கள் பல இடங்களில் அடுத்த, இன்னும் பெரிய அலையில் அகப்பட்டார்கள். இலங்கையில் மட்டும் 35,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

இன்னொரு பிள்ளை கேட்டான், "அவ்வளவு தூரத்தில இருந்து எப்பிடி சேர் இரண்டு மணித்தியாலத்தில வந்தது?" சுனாமியின் வேகம் கடலின் ஆழத்தைப் பொறுத்தது. 4,000 மீற்றர் ஆழத்தில் மணிக்கு ஏறத்தாழ 700 கிலோமீற்றர், விமானத்துக்கு நிகரான வேகம். 10 மீற்றர் ஆழத்துக்கு வந்தால் 36 கிலோமீற்றர்தான். முன்னால் போகிற நீர் மெதுவாக, பின்னால் வருகிற நீர் அதன் மேல் ஏறிக் குவிகிறது. ஆழ்கடலில் தோணிக்காரருக்குத் தெரியாத அலை, கரையில் சுவராவது இதனால்தான்.

இது முதல் தடவையும் அல்ல. 1883 ஓகஸ்ட் 27இல் கிரகட்டோவா எரிமலை வெடித்தபோது இலங்கைக் கரைகளிலும் கடல் ஏறி இறங்கியது. பாணமையில் ஒரு பெண் உயிரிழந்ததாகப் பதிவு இருக்கிறது. அம்பாந்தோட்டைப் பக்கத்துக் கரகன் களப்பின் அடிச்சேற்றைத் துளைத்து எடுத்த விஞ்ஞானிகள், சேற்றுக்கு இடையிடையே கடல் கொண்டுவந்து போட்ட மணல் அடுக்குகளைக் கண்டார்கள். பல ஆயிரம் வருடங்களாகத் திரும்பத் திரும்ப வந்த பேரலைகளின் கணக்கு அது. 2017இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் வியப்பானது. ஆச்சேயில் ஒரு கடற்கரைக் குகை. வௌவால் எச்சம் ஓர் அடுக்கு, சுனாமி மணல் ஓர் அடுக்கு என்று மாறி மாறிக் கிடந்தது. 7,400 வருடங்களுக்கு முன்பிருந்து 2,900 வருடங்களுக்கு முன்புவரை 11 சுனாமிகள். அவற்றுக்கு இடையில் ஒழுங்கான இடைவெளி இல்லை. சில நூற்றாண்டுக் கணக்கில் தள்ளி வந்தன, சில அடுத்தடுத்து வந்தன. "இனி நம்ம காலத்தில வராது" என்று யாரும் சொல்ல முடியாது.

மண் ஞாபகம் வைத்திருக்கிறது. மனிதர் வைத்திருக்கிறோமா? சுமாத்திராவுக்குப் பக்கத்தில் சிமெலுவே என்று ஒரு தீவு. 1907இல் அங்கே சுனாமி வந்து பலர் இறந்தார்கள். உயிர் தப்பியவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்து, தாலாட்டிலும் கதையிலும் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தார்கள்: நிலம் பலமாக ஆடி, கடல் வற்றினால், மலைக்கு ஓடு. 2004இல் நிலநடுக்க மையத்துக்கு மிகக் கிட்ட இருந்த அந்தத் தீவின் ஏறத்தாழ 78,000 பேரில் இறந்தவர்கள் 7 பேர்.

நம்மிடமும் ஒரு சொல் இருந்தது: கடல்கோள். முதல் இரண்டு சங்கங்களும் கடல்கோளில் அழிந்தன என்ற மரபுக்கதையைத் தமிழ்ப் பாடத்தில் படித்தோம், பரீட்சையில் எழுதினோம். அந்தச் சொல் தாலாட்டுக்குள் வரவில்லை. 2004இல் கடல் ஏறி வந்தபோது அதற்கு என்ன பெயர் என்றே நமக்குத் தெரியவில்லை.

ஸ்மோங் பாடத்தை அப்படியே எடுத்தாலும் நமக்குப் போதாது. மையம் தூரத்தில் இருப்பதால் இங்கே நிலம் பலமாக ஆடாது. கடல் வற்றாமலும் வரலாம். ஆகவே நம் ஊருக்குரிய பாடம் இது:

1. கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறினாலும் சரி, வற்றினாலும் சரி, பார்க்கப் போகாதீர்கள். உடனே விலகுங்கள்.
2. முதல் அலை போனதும் திரும்பாதீர்கள். அடுத்தடுத்து மணிக்கணக்கில் வரும்.
3. ஆற்றோரமாக, களப்போரமாக ஓடாதீர்கள். அந்த வழியாகத்தான் கடல் உள்ளே வரும்.
4. அறிவிப்பு வந்தால் நம்புங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117.

2012 ஏப்ரல் 11இல் எல்லோரும் ஓடினோம், கடல் வரவில்லை. "சும்மா ஓட வைச்சாங்கள்" என்று இன்னும் பேசுகிறோம். அன்றைய நிலநடுக்கமும் 8.6 அளவு. ஆனால் கடலடிப் பாறைகள் பக்கவாட்டில் உரசின, கடலடி பெரிதாக மேலெழவில்லை. அது முதல் சில நிமிடங்களில் யாருக்கும் தெரியாது. அன்று ஓடியது வீண் அல்ல, ஒத்திகை.

அந்தப் பிள்ளை கடைசியில் கேட்டாள்: "சேர், இதை ஏன் எங்கட உம்மா சொல்லித் தரல்ல?" உம்மாமாருக்கு அந்த நாளைப் பற்றிப் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அழுகை வந்தாலும் பரவாயில்லை, ஒருமுறை சொல்லி வையுங்கள். உங்களுக்குப் பிறகு சொல்ல, அன்றைய கடலைக் கண்ணால் கண்டவர் யாரும் இருக்கமாட்டார்கள்.