முன்னெழுத்தில் உறையும் தாய்மார்

வள்ளி, அல்லி, பவளக்கொடி, நல்லதங்காள், சாவித்திரி என நம் இசை நாடகங்களின் தலைப்புக்களை எண்ணிப் பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். பெண்ணின் பெயரே நாடகத்தின் பெயராய் நிற்பது அங்குப் பெருவழக்கு. வள்ளிக்கிழங்கு அகழ்ந்த குழியிற் கண்டெடுக்கப்பட்டமையால் வள்ளி எனப் பெயர் பெற்றாள் என்பது கதை. அல்லியோ ஆடவர் துணையின்றி மதுரையை ஆண்டவள். அவள் உறங்கும்போது பாம்புருக் கொண்டு புகுந்து தாலி கட்டிய அர்ச்சுனன் செயலை வெற்றி எனப் பாடினர்; நாம் அதனை வெற்றியென ஒப்போம். ஆயினும் ‘அல்லி அர்ச்சுனா’ என்று அவள் பெயரைத்தானே முன்வைத்தனர்!

நிற்க. இப்பெயர்களைத் தாங்கி மேடையேறியவர் யாவர்? இந்நாடகங்கள் பலவற்றைப் பாட்டும் வசனமுமாக யாத்தளித்த சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922), 1918-இல் மதுரையில் நிறுவிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை சிறுவர் குழுவாகும். வள்ளியும் அல்லியும் ஆங்கு ஆண்பிள்ளைகளே. குரல் உடையும்வரை அவர்க்கு ‘ஸ்திரீபார்ட்’ நிலைக்கும். பெண்பெயர் வேண்டும், பெண் வேண்டா என்பது அக்காலத்து முதலாளிமாரின் கொள்கை போலும்! இதற்கு மறுதலையாகக் கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களைக் கொண்டே ஒரு குழு நடத்திப் புகழ் பெற்றார்.

வேடத்தின் பெயர் இருக்கட்டும். பாடிய பெண்ணின் பெயர் எவ்வாறு வழங்கிற்று? 1902-இல் கல்கத்தாவில் இசைத்தட்டுக்குப் பாடிய கௌஹர் ஜான், பாட்டின் முடிவில் தம் பெயரைத் தாமே உரக்கக் கூறினார். தட்டு அச்சான ஜெர்மனியில் உள்ளார்க்குப் பாடியவர் இன்னாரெனத் தெரியவேண்டியிருந்தது. நம் பக்கத்தில் ஊரே அடையாளமாயிற்று. சேலம் கோதாவரி, பெங்களூர் நாகரத்தினம், கோயம்புத்தூர் தாயி என்றே மக்கள் அறிந்தனர். தாயிக்குப் பெற்றோர் இட்ட பெயர் பழனிகுஞ்சரம். அவ்வழகிய பெயர் இன்று எத்தனை பேருக்குத் தெரியும்?

பின்னர் ஊர்ப்பெயர் ஓரெழுத்தாய்ச் சுருங்கிற்று; அதனருகே இன்னோர் எழுத்தும் வந்து அமர்ந்தது. கே. பி. சுந்தராம்பாள் என்பதில் ‘கே’ கொடுமுடி. ‘பி’ என்பது பாலாம்பாள், அவரைப் பெற்ற தாய். இளமையிலே தந்தையை இழந்த சுந்தராம்பாள், பசி பொறாது தாய் தன் மக்கள் எழுவரையும் கிணற்றில் வீழ்த்தும் நல்லதங்காள் நாடகத்தில், பசிக்கிறதென்று அழும் பிள்ளையாகவே மேடைக்கு வந்தவர். 1926-இல் கொழும்பில் கிட்டப்பாவுடன் நடித்துப் பெரும்புகழ் எய்தினார். எம். எல். வசந்தகுமாரியின் ‘எல்’ அவர்தம் தாயார் லலிதாங்கி, அவரும் பாடகியே. டி. கே. பட்டம்மாளின் ‘கே’யோ தந்தையார் கிருஷ்ணசாமி தீட்சிதர். இசைத்தட்டில் ஈரெழுத்தும் ஒன்றுபோலவே தோன்றும். அவற்றின் பின்னுள்ள சமுதாயம் வேறு.

தேவரடியார் மரபிற் பிறந்த மகளுக்குத் தந்தையின் பெயரை ஊரறியச் சொல்லும் உரிமை இருந்ததில்லை. அதனால் அத்தாயெழுத்தைக் கண்டு நகைத்தாரும் உளர். அம்மரபின் கொடுமையை 1936-இல் நாவலாக எழுதி உடைத்தவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் வாதாடினார். 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் பிறந்தது. பொட்டுக்கட்டு ஒழிந்தமை நன்று என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் இழிவு தந்தையை மறைத்துக்கொண்ட ஆடவர்க்கு உரியதேயன்றி, பாட்டுப் பயிற்றிச் சோறூட்டிய தாயின் பெயருக்கு உரியதன்று. வழக்கத்தைத் துடைக்கும் துணியால் அவள் பெயரையும் சேர்த்துத் துடைப்பது என்ன நீதி?

நம் நாட்டு அடையாள அட்டையை எடுத்துப் பாருங்கள். பெண்ணின் பெயர்க்குப் பின் ‘மகள்’ எனப் பொருள்படும் மலாய் எழுத்துக்கள். அவற்றின் பின் தந்தை பெயர். விடியுமுன் பால்வாளி சுமந்து மரம் வெட்டப் போய் அப்பிள்ளையை வளர்த்தவளுக்கு அவ்வரியில் இடமில்லை.

மதுரை வீணைக் கலைஞர் சண்முகவடிவு தம் மகள் சுப்புலட்சுமியின் பெயரில் ஓரெழுத்தாய் நின்றார். 1940-இல் சதாசிவத்தை மணந்த பின்னரும் மகள் எம். எஸ். ஆகவே இருந்தார், கணவர் பெயர் அவ்வெழுத்தைத் தள்ளிற்றில்லை. மறு ஆண்டு வெளிவந்த ‘சாவித்திரி’ படத்தில் சாவித்திரியாய்த் தோன்றியவர் சாந்தா ஆப்தே. எம். எஸ். ஏற்றதோ நாரதர் வேடம். வீணைக் கலைஞர் பெற்ற மகளே வீணை தாங்கி வந்தார்.