குல்மார்க் பனிச்சறுக்கு மலையேற்றம்: ஏறத் தெரிந்தால் மட்டும் போதாது

நமதூரிலிருந்து காஷ்மீர் சுற்றுலா செல்பவர்கள் பார்க்க விரும்பும் இடங்களில் ஒன்று குல்மார்க். பாரமுல்லா மாவட்டத்தில், ஸ்ரீநகரிலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில், ஏறத்தாழ 2,650 மீட்டர் உயரத்தில் உள்ளது. தாமிரபரணி பிறக்கும் பொதிகையின் உச்சியே 1,868 மீட்டர்தான்.

பெரும்பாலானோர் ரோப் காரில் ஏறி, பனியில் விளையாடிவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அதற்கு அப்பால், அஃபர்வத் மலையில் நடப்பதுதான் பனிச்சறுக்கு மலையேற்றம்.

எப்படி ஏறுகிறார்கள்?

சாதாரண பனிச்சறுக்கில் இயந்திரம் மேலே ஏற்றிவிடும். சறுக்கி இறங்கினால் போதும். இதில் ஏறுவதும் சொந்தக் காலில்தான். ஸ்கீ பலகையின் அடியில் 'ஸ்கின்' என்ற பட்டையை ஒட்டுவார்கள். அதன் ரோமங்கள் ஒரே திசையில் படிந்திருப்பதால் பலகை முன்னே நகரும், பின்னே வழுக்காது. ஏறும்போது குதிகால் பகுதி பூட்டப்படாமல் இருக்கும். உச்சியில் பட்டையைக் கழற்றி, குதிகாலைப் பூட்டிக்கொண்டு இறங்குவார்கள். 2026 மிலான்–கோர்டினா குளிர்கால ஒலிம்பிக்கில் இவ்விளையாட்டு முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது.

குல்மார்க்கின் வரலாறு

1948-ல் ராணுவம் இங்கு பனிச்சறுக்குப் பள்ளி தொடங்கியது. ரோப் காரின் முதல் கட்டம் 1998-லும், அஃபர்வத் வரை செல்லும் இரண்டாம் கட்டம் 2005-லும் செயல்பாட்டுக்கு வந்தன. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகப் பங்கேற்ற ஆரிஃப் கான் இப்பகுதியைச் சேர்ந்தவர்.

ஆபத்து எங்கே?

ரோப் கார் சில நிமிடங்களில் ஏறத்தாழ 3,950 மீட்டருக்குக் கொண்டு போய்விடும். அங்கிருந்து எல்லைக் கயிற்றைத் தாண்டினால், பாதுகாப்பு சோதனை நடக்காத பனி. 30 முதல் 45 டிகிரி வரை சாய்வுள்ள இடங்களில்தான் பனிச்சரிவு அதிகம் ஏற்படுகிறது. உயிரிழப்பு ஏற்படும் சரிவுகளில் பெரும்பாலானவற்றைத் தூண்டுவது, அதில் சிக்கியவரின் அல்லது உடன் வந்தவரின் எடையே.

2010 பிப்ரவரி 8 அன்று இங்கு பயிற்சியில் இருந்த 17 ராணுவ வீரர்கள் பனிச்சரிவில் இறந்தனர். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டவர் இருவரும், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவரும் அஃபர்வத் பகுதியில் உயிரிழந்தனர்.

பனியில் புதைந்தவர் பிழைக்கும் வாய்ப்பு முதல் 10–15 நிமிடங்களுக்குப் பிறகு வேகமாகக் குறைந்துவிடும். வெளியிலிருந்து மீட்புக் குழு வரும்வரை காத்திருக்க முடியாது. உடன் வந்தவர்களே தோண்டி எடுக்க வேண்டும். அதற்கு ஒவ்வொருவரிடமும் மூன்று கருவிகள் தேவை: இருப்பிடத்தை உணர்த்தும் சிக்னல் கருவி, பனியில் குத்திப் பார்க்கும் நீண்ட கம்பி, மண்வாரி போன்ற பனிவாரி.

செல்ல விரும்புவோருக்கு

மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்தியப் பனிச்சறுக்கு மற்றும் மலையேற்ற நிறுவனம் குல்மார்க்கிலேயே பயிற்சி அளிக்கிறது. பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஜிஆர்இ பனிச்சரிவு எச்சரிக்கைகளை வெளியிடுகிறது. கிளம்புமுன் அதைப் பாருங்கள். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் கயிற்றைத் தாண்டாதீர்கள். அவர் "இன்று வேண்டாம்" என்றால், கொடுத்த பணத்தை நினைக்காமல் திரும்பிவிடுங்கள். மலை அடுத்த குளிர்காலத்திலும் அங்கேதான் இருக்கும்.