ஓர் இசைக்குழுவின் பின்னே ஆண்டிறுதிப் பயணம்

1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் 9ஆம் திகதி மாலை. கொழும்பில் நான் பணியாற்றிய நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் அன்று எனக்குக் கடமை. வடக்கில் போர் மீண்டும் மூண்டு நான்கு மாதங்கள்கூட ஆகியிராத காலம் அது. பக்கங்களில் வேறு செய்திகளுக்கு இடமிருக்கவில்லை. அமெரிக்க கிட்டார் கலைஞர் ஜெரி கார்சியா தமது 53ஆவது வயதில் கலிபோர்னியாவில் காலமானார் என்ற தகவல் வந்தபோது, அதை நான்கு வரிகளாகச் சுருக்கி உள்பக்கம் ஒன்றின் அடியில் போட்டேன். செய்தி முகவர் நிறுவனம் அனுப்பியிருந்த மூலத்தில், அவருடைய இசைக்குழுவைப் பின்தொடர்ந்து ஆண்டுக்கணக்கில் ஊர் ஊராகச் சென்ற மனிதர்களைப் பற்றிய பந்தி ஒன்றும் இருந்தது. அதை அப்படியே வெட்டிவிட்டேன். சொந்த மக்கள் குண்டுக்குப் பயந்து வீடுவாசலை விட்டு ஓடிக்கொண்டிருந்த வேளையில், விரும்பியே வீட்டை விட்டுப் புறப்பட்டு ஒரு பாட்டுக் கோஷ்டியின் பின்னால் அலைகிறவர்களின் கதை எங்கள் வாசகருக்கு எதற்கு என்று அப்போது எண்ணினேன்.

அன்று வெட்டிய பந்தியையே இப்போது சற்று விரித்து எழுத முற்படுகின்றேன்.

கார்சியாவின் குழுவுக்கு 'கிரேட்புல் டெட்' என்று பெயர். அதன் கதை ஓர் ஆண்டிறுதி இரவில் தொடங்குகிறது. 1963 டிசெம்பர் 31ஆம் திகதி, கலிபோர்னியாவின் பாலோ அல்ட்டோ நகரத்தில் இசைக்கருவிகள் விற்கும் கடை ஒன்றின் பின்னறையில் 21 வயது கார்சியா பான்ஜோ வாசித்துக்கொண்டு தம் மாணவர்களுக்காகக் காத்திருந்தார். புத்தாண்டு இரவென்பதையே அவர் மறந்திருந்தார். மாணவர் எவரும் வரவில்லை. வாத்திய ஓசை கேட்டுக் கதவைத் தட்டிய 16 வயதுப் பையன்தான் பொப் வியர். இருவரும் விடியும்வரை வாசித்தனர் என்பது அக்குழுவின் வரலாற்றில் மீண்டும் மீண்டும் சொல்லப்படும் சம்பவம். 1965இல் குழு உருவாயிற்று. அடுத்த முப்பது ஆண்டுகளில் அது 2,300க்கும் மேற்பட்ட கச்சேரிகளை நடத்தியது.

ஒரே குழுவை நூறு தடவை கேட்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். முன்னேற்பாடின்றி, ஒருவர் வாசிப்பதைக் கேட்டு மற்றவர் அதை வளர்த்து வாசித்துச் செல்வதை மேலைநாட்டுக் கலைஞர்கள் 'ஜாம்' என்பர். கிரேட்புல் டெட் அதையே தன் தொழிலாக்கிக் கொண்டது. இன்றிரவு ஆறு நிமிடத்தில் முடியும் பாட்டு நாளை இருபது நிமிடம் நீளும். எந்தப் பாட்டை எப்போது எடுப்பார்கள் என்பது எவருக்கும் தெரியாது. சில இரவுகளில் வாசிப்பு அறவே தேறாமலும் போகும். நம்மவர்க்கு இது புதினமன்று. திருவிழாக் காலங்களில் தட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்பதற்காக யாழ்ப்பாணத்தில் கோயில் கோயிலாக இரவிரவாகத் திரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களும் நேற்றுக் கேட்டது இன்று வராது என்பதை அறிந்தே சென்றார்கள்.

1971இல் வெளிவந்த இசைத்தட்டு ஒன்றின் உறையில், தங்களைக் கேட்பவர்கள் தத்தம் முகவரியை எழுதி அனுப்புமாறு குழு வேண்டுகோள் விடுத்தது. ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்தன. 'டெட்ஹெட்ஸ்' என்ற பெயர் நிலைபெற்றதும் அதையொட்டியே. பழைய வான்களிலும் பஸ்களிலும் குடியிருந்தபடி அவர்கள் ஒரு நகரிலிருந்து அடுத்த நகருக்குச் சென்றனர். மண்டபத்துக்கு வெளியே வாகனத் தரிப்பிடத்தில் ஒரு சந்தை கூடும். வாட்டிய சீஸ் சாண்ட்விச்சும் சாயமிட்ட சட்டைகளும் விற்று அடுத்த ஊருக்கான பெற்றோல் செலவைத் தேடிக்கொள்வார்கள். நுழைவுச்சீட்டு இல்லாதவர் ஒரு விரலை உயர்த்தியபடி நிற்பார். எவராவது சீட்டு ஒன்றை இலவசமாகக் கொடுத்துவிட்டுப் போவதும் உண்டு. அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'அற்புதம்'. 1983 முதல் குழு தன் சீட்டுகளை அஞ்சல் வழியாகத் தானே விற்கத் தொடங்கியது. விண்ணப்பக் கடித உறைகளை இரசிகர்கள் ஓவியங்களால் நிரப்பி அனுப்பினர். 1984இல் கச்சேரியை ஒலிப்பதிவு செய்வோருக்கென மண்டபத்தில் தனியிடமே ஒதுக்கப்பட்டது. பதிவு செய்த நாடாவைக் காசுக்கு விற்கக்கூடாது, பண்டமாற்றுச் செய்யலாம் என்பதே எழுதப்படாத சட்டமாயிருந்தது. தன் சரக்கைப் பிறர் இலவசமாகப் பிரதியெடுக்க அனுமதித்த வியாபாரம் நட்டப்பட்டிருக்க வேண்டும். நடந்ததோ எதிர்மாறானது. நாடாவைக் கேட்டவர் அடுத்த கச்சேரிக்குப் புறப்பட்டார்.

இந்தப் பயணங்களில் ஆண்டிறுதிப் பயணம் தனிவகை. அமெரிக்காவில் நத்தார் என்பது குடும்பத்துக்கான நாள். டிசெம்பர் 25 மாலையோடு அந்தக் கடமை முடிந்துவிடும். பல்கலைக்கழகங்கள் மூடியிருக்கும், அலுவலகங்களில் வேலை மந்தமாயிருக்கும். 26 முதல் 31 வரையான அந்த வெற்று நாட்களில் குழு தன் சொந்த மண்ணான சான்பிரான்சிஸ்கோ விரிகுடாப் பகுதியில் வாசிக்கும். பெற்றோரோடு மேசையில் அமர்ந்து நத்தார் உணவை உண்டுவிட்டு, மறுநாள் விடியலில் மேற்கு நோக்கி வாகனமேறியவர்களும் உண்டு. போவதற்கு அத்தகைய மேசையே இல்லாதவர்களும் உண்டு. பின்னவர்களுக்கு இதுவே பண்டிகையாயிருந்தது என்பது என் கருத்து.

இந்த ஆண்டிறுதி வழக்கத்தைத் திருவிழாவாக்கிய மனிதர் பில் கிரஹாம். இசை நிகழ்ச்சிகளை ஒழுங்கு செய்யும் வர்த்தகர். கறார்ப் பேர்வழி, முன்கோபக்காரர் என்று பெயரெடுத்தவர். 1931இல் பேர்லினில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். நாஸிகளிடமிருந்து தப்பிய குழந்தைகளுள் ஒருவராகப் பிரான்ஸ் வழியாக ஓடி, 1941இல் நியூயோர்க்கை அடைந்து, வளர்ப்புக் குடும்பம் ஒன்றில் ஆளானார். தாயார் நாஸிகளின் கையில் மாண்டார். சிறுவயதிலேயே அகதியான இவர்தான் பிற்காலத்தில் ஆண்டுதோறும் நள்ளிரவில் 'காலத் தந்தை' வேடம் பூண்டு, ஏதாவதொரு விசித்திர வாகனத்தில் ஏறிச் சனங்களின் தலைக்கு மேலாக வந்து புத்தாண்டை அறிவித்தவர். அந்தச் செய்திக் குறிப்பில் இவரைப் பற்றி எதுவும் இருக்கவில்லை. இருந்திருந்தால் அந்தப் பந்தியை வெட்டியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன்.

1978 டிசெம்பர் 31ஆம் திகதி இரவு பலராலும் நினைவுகூரப்படுவது. சான்பிரான்சிஸ்கோவின் வின்டர்லாண்ட் மண்டபம் பனிச்சறுக்குக்கென முன்னர் கட்டப்பட்டது. சுமார் 5,400 பேர் கொள்ளும். கிரஹாம் அதனைக் கைவிட முடிவு செய்து, கடைசி இரவை கிரேட்புல் டெட்டுக்கு ஒதுக்கினார். உள்ளூர்த் தொலைக்காட்சியும் வானொலியும் நேரடியாக ஒலி, ஒளி பரப்பின. நள்ளிரவில் கிரஹாம், கஞ்சாச் சுருட்டின் வடிவில் செய்யப்பட்ட பெரிய உருவமொன்றில் அமர்ந்து மேலிருந்து வந்தார். அந்தக் காலத்துக் குறும்பு என்று விட்டுவிடுவோம். கூட்டத்தில் ஒரு பதாகை தொங்கியது. 'டார்க் ஸ்டார்' என்ற பாட்டைச் சான்பிரான்சிஸ்கோவில் கடைசியாக வாசித்து 1,535 நாட்கள் ஆகிவிட்டன என்பதே அதன் வாசகம். நாட்களை ஒவ்வொன்றாக எண்ணிக் கணக்கு வைத்திருந்தவர் எவரோ! அன்று அதிகாலையில் அந்தப் பாட்டு வாசிக்கப்பட்டது. கச்சேரி விடியும்வரை நீண்டது. முடிந்ததும் வந்திருந்த அனைவருக்கும் காலை உணவு பரிமாறப்பட்டது. கறார் வியாபாரி எனப்பட்டவர் செய்த வேலை இது. இரவிரவாகப் பாட்டுக் கேட்டவனைப் பசியோடு அனுப்பக்கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். மண்டபம் 1985இல் இடிக்கப்பட்டது.

மறுவருடம், 1979இல், ஒக்லண்ட் நகர மண்டபத்தில் ஐந்து இரவுகள் நடைபெற்றன. டிசெம்பர் 26ஆம் திகதி நடந்த முதலாவது கச்சேரி 'சேவா' என்ற அறநிறுவனத்தின் நிதிக்கானது. பெயரே நம் பக்கத்தைக் காட்டுகிறதல்லவா? உலக சுகாதார நிறுவனத்தின் பெரியம்மை ஒழிப்புப் பணியில் இந்தியாவில் ஈடுபட்டிருந்த வைத்தியர் லரி பிரில்லியன்ட், ராம்தாஸ் முதலியோர் 1978இல் அதனைத் தொடங்கினர். பார்வையிழப்பைத் தடுப்பதே முதல் நோக்கம். நேபாளத்தில் பணி ஆரம்பமாயிற்று. மதுரையில் 1976இல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கிய வைத்தியர் கோ. வெங்கடசாமி, சேவாவோடு தொடக்க காலம் முதலே இணைந்திருந்தார். முடக்குவாதத்தால் வளைந்துபோன விரல்களோடு ஆயிரமாயிரம் கண்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர் அவர். பின்னர் சேவாவின் துணையோடு 1992இல் மதுரையில் 'ஒரோலாப்' நிறுவப்பட்டது. கண்புரை அறுவையின்பின் பொருத்தும் வில்லைகள், மேலைநாட்டு விலையில் ஒரு சிறு பங்குக்கு அங்கே தயாராகத் தொடங்கின. ஒக்லண்ட் இரவொன்றின் வசூல் நேராக மதுரைக்கு வந்து சேர்ந்தது என்று நான் சொல்ல வரவில்லை. வாகனத் தரிப்பிடத்தில் சாண்ட்விச் விற்றுச் சேர்த்த காசில் சீட்டு வாங்கிய எவனோ ஒருவனுக்கும் மதுரையில் பார்வை பெற்ற எவரோ ஒருவருக்கும் இடையில் ஒரு நூலிழை ஓடுகிறது, அவ்வளவே. 1995இல் எனக்கு இது தெரியாது.

இந்தப் பயணத்தின் இருண்ட பக்கத்தை மறைப்பது நேர்மையாகாது. எல்.எஸ்.டி. என்னும் போதைப்பொருள் தொடக்கம் முதலே இக்குழுவின் வரலாற்றோடு பிணைந்தது. அதைக் காகிதத்தில் ஊறவைத்து விற்பர். தண்டனையை நிர்ணயிக்கும்போது அந்தக் காகிதத்தின் எடையையும் போதைப்பொருளின் எடையோடு சேர்த்தே கணிக்கலாம் என அமெரிக்க உயர்நீதிமன்றம் 1991இல் தீர்ப்பளித்தது. கச்சேரி வாசல்களில் பிடிபட்ட இளைஞர்கள் பலர் நீண்டகாலம் சிறையிருக்க நேர்ந்தது. மறுபுறம், போதையை விட்டொழித்த இரசிகர்கள் தமக்கென ஒரு வட்டத்தை அமைத்துக்கொண்டனர். இடைவேளையில் மஞ்சள் பலூன் கட்டிய இடத்தில் அவர்கள் கூடுவர். குடியும் கூத்துமாயிருக்கும் புத்தாண்டு இரவில் அந்த மஞ்சள் பலூன்கள் எத்தனை பேரைக் காத்தனவோ!

1987இல் குழுவின் பாட்டு ஒன்று அமெரிக்கத் தரவரிசையில் முதல் பத்து இடங்களுக்குள் வந்தது. இருபது ஆண்டுகளில் கிட்டாத வெற்றி. அதுவே வினையுமாயிற்று. உள்ளே நுழைய இடமில்லாதவர்களும், பாட்டைவிட வெளிச் சந்தையையே நாடியவர்களும் பல்லாயிரமாகத் திரண்டனர். வந்தவர்களைத் தாங்க முடியாத நகரங்கள் குழுவை மறுக்கத் தொடங்கின. வெளியே விற்பனையும் கூடாரமடித்துத் தங்குவதும் கூடாது என்று குழுவே அறிவிக்க வேண்டி வந்தது.

1991 ஒக்டோபர் 25ஆம் திகதி இரவு கிரஹாம் பயணித்த ஹெலிகொப்டர் மின்சாரக் கோபுரமொன்றில் மோதி அவர் உயிரிழந்தார். அவ்வாண்டு டிசெம்பர் 31ஆம் திகதி, ஒக்லண்டில் காலத் தந்தை இல்லாமலே புத்தாண்டுக் கச்சேரி நடைபெற்றது. அதன்பின் கிரேட்புல் டெட் புத்தாண்டு இரவில் வாசிக்கவேயில்லை. வாசித்திருந்தால் பெரும்பணம் கிடைத்திருக்கும். இருந்தும் அவர்கள் அதைச் செய்யவில்லை. இக்குழுவைப் பற்றிப் படித்தவற்றுள் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

1995 ஜூலை 2ஆம் திகதி இந்தியானா மாநிலத்தில் சீட்டில்லாத ஆயிரக்கணக்கானோர் வேலியை உடைத்து உள்ளே புகுந்தனர். மறுநாள் கச்சேரி இரத்தானது. ஒரு வாரத்தில் சிக்காகோவில் குழுவின் கடைசிக் கச்சேரி நடந்தது. சரியாக ஒரு மாதத்தில் கார்சியா மறைந்தார்.

வழக்கம் அத்தோடு அற்றுப்போகவில்லை. 1983இல் வெர்மண்ட் பல்கலைக்கழகத்தில் உருவான 'ஃபிஷ்' என்ற குழு அதனைக் கையேற்றது. 1994 ஆண்டிறுதியில் பொஸ்டனில் அக்குழுவினர் பெரிய 'ஹொட்டோக்' உருவில் ஏறி மண்டபத்தின் மேலாகப் பறந்தபோது, கிரஹாமின் வாகனங்களை அறிந்த மூத்த இரசிகர்களுக்கு அது புரியாமல் இருந்திருக்காது. 1999 டிசெம்பர் 31ஆம் திகதி, புளோரிடாவில் செமினோல் பழங்குடியினரின் நிலத்தில் ஏறத்தாழ 80,000 பேர் திரண்டனர். நள்ளிரவுக்குச் சற்று முன்னர் மேடையேறிய குழு, ஏழரை மணிநேரம் வாசித்துச் சூரிய உதயத்தோடு நிறுத்தியது. உலகம் கணினிக் கோளாற்றுக்குப் பயந்துகொண்டிருந்த அந்த இரவில் அவர்களுக்கு அந்தக் கவலை இருந்ததாகத் தெரியவில்லை. அதன்பின் பெரும்பாலும் நியூயோர்க்கின் மடிசன் ஸ்குவெயார் கார்டனே ஆண்டிறுதித் தலமாயிற்று. 2021இல் கொரோனா காரணமாக அங்கு நடைபெறவிருந்த புத்தாண்டுக் கச்சேரி, 2022 ஏப்ரலுக்குத் தள்ளிப்போயிற்று. பண்டிகைக்கான கச்சேரி சித்திரையில் நடந்தது. இரசிகர்கள் அப்போதும் புறப்பட்டுச் சென்றார்கள்.

கிரேட்புல் டெட் கச்சேரிகளின் பல்லாயிரம் பதிவுகளை இன்று இணைய ஆவணக் காப்பகத்தில் எவரும் கேட்கலாம். 1979 டிசெம்பர் 26 இரவும் அவற்றுள் இருக்கிறது. பார்வையாளர் நடுவே வைத்துப் பதிவு செய்த பழைய நாடாக்களையே நான் விரும்பிக் கேட்பதுண்டு. தெளிவு குறைவுதான். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே வாத்தியங்களைச் சுருதி சேர்க்கும் ஒலி நீளும். பக்கத்தில் நின்ற எவரோ இருமுவார். யாரோ தமக்குப் பிடித்த பாட்டின் பெயரைக் கத்துவார். நாடா தீர்ந்து பக்கம் மாற்றுமிடத்தில் ஓசை சட்டென அறுந்து, சில கணங்களின் பின் பாட்டின் நடுவிலிருந்து மீண்டும் தொடங்கும்.