வலிக்கு இல்லாத வரி: காயமுற்ற தொழிலாளரின் பணித்திறன் மதிப்பீடும் தென்சென்னையும்

1924 சூலை 1 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் (1923), காயமுற்ற உடலை அளக்க ஓர் அட்டவணையை இணைத்திருந்தது. முழங்கைக்கு மேல் வலக்கை போனால் 70 விழுக்காடு, இடக்கை போனால் 60, ஒரு கண்ணுக்கு 30, கட்டைவிரலுக்கு 25, சுட்டுவிரலுக்கு 10 என எண்கள் வகுக்கப்பட்டன. ஒவ்வொரு வரியும் இழந்த உறுப்பின் அல்லது புலனின் பெயரைத் தாங்கியது. உறுப்பு நிலைத்திருந்து வலி மட்டும் எஞ்சியவருக்கு அதில் ஒரு வரியும் இல்லை. பிற்காலத் திருத்தங்களில் கட்டைவிரல் 30 ஆகவும் சுட்டுவிரல் 14 ஆகவும் உயர்ந்தன. அளக்கும் முறை மாறவில்லை.

அட்டவணையில் இடம்பெறாத காயங்களுக்குச் சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதே அளவுகோல். 1984ஆம் ஆண்டுத் திருத்தம் இம்மதிப்பீட்டைத் தகுதிபெற்ற மருத்துவரிடம் ஒப்படைத்தது. ஆனால் அவர் அட்டவணை விழுக்காடுகளைக் கருத்தில் கொள்ளவேண்டும் என்ற விளக்கமும் உடன் சேர்ந்தது. முதுகுவலியோடு வரும் தொழிலாளியை வெட்டுண்ட கட்டைவிரலுக்கு அருகில் வைத்து எடைபோடும் நிலை இவ்வாறு உருவாயிற்று. தேனாம்பேட்டை டி.எம்.எஸ். வளாகத்தில் இழப்பீட்டு ஆணையர் முன் நடந்த விசாரணைகளில் மருத்துவச் சான்றிலுள்ள அந்த ஒற்றை எண்ணைச் சுற்றியே வாதம் சுழல்வது வியப்பன்று.

அடையாற்றிலோ மயிலாப்பூரிலோ அடுக்குமாடிக் கட்டடத்தில் வேலைசெய்யும் சித்தாளை எடுத்துக்கொள்ளலாம். சும்மாட்டின்மேல் செங்கல்லோ கலவைச் சட்டியோ ஏற்றிக்கொண்டு சாரத்தில் ஏறி இறங்குவது அவர் வேலை. மேலைநாடுகளில் 1980களில் வளர்ந்த பணித்திறன் சோதனைகளோ, பெட்டியைத் தரையிலிருந்து இடுப்பளவுக்குத் தூக்குவதையும் சிறிது தூரம் சுமந்து நடப்பதையும் அளப்பவை. சோதனையை இடையில் நிறுத்துபவர் தசை ஓய்ந்து நிறுத்துகிறாரா, வலியால் நிறுத்துகிறாரா, வலி வருமென்ற அச்சத்தால் நிறுத்துகிறாரா என்பதைத் தூக்கிய எடை மட்டும் சொல்லாது. கனடாவில் டக்ளஸ் கிராஸ், மிஷேல் பாட்டியே ஆகியோர் 2004இல் வெளியிட்ட ஆய்வு, சோதனையில் சிறப்பாகச் செய்தவர்களுக்கு முதுகுத் தொல்லை மீண்டும் வராது என்ற நம்பிக்கைக்கு ஆதரவு தரவில்லை.

வலியை அளக்க முடியாதபோது வலியைச் சொல்பவரின் நேர்மை அளக்கப்படுகிறது. கோர்டன் வாடெல் குழுவினர் 1980இல் வெளியிட்ட அறிகுறிகள் இதற்குக் கருவியாயின. உச்சந்தலையை மெல்ல அழுத்தும்போது இடுப்பு வலிப்பதாகச் சொல்வது அவற்றுள் ஒன்று. உளச் சமூகக் காரணிகளையும் கவனிக்கவேண்டிய நோயாளிகளைக் கண்டறியவே அவை வகுக்கப்பட்டன. இழப்பீட்டு வழக்குகளிலோ நடிப்புக்குச் சான்றாக அவை பயன்பட்டன. கிறிஸ் மெயினுடன் 1998இல் எழுதிய மறுஆய்வில் வாடெலே இப்பயன்பாட்டை மறுத்தார். தலைச்சுமையே பிழைப்பாக உள்ளவரிடம் தலையை அழுத்திப் பார்த்து ஐயம் கொள்வதில் ஒரு கசப்பான பொருத்தமின்மை உண்டு.

நீதிமன்றங்கள் அட்டவணையைச் சற்றே தளர்த்தின. இடக்கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்ட தச்சர் ஒருவர் ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய இயலாது என்பதால் அவரது ஊனம் முழுமையானதே என்று 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் தீர்ப்பளித்தது. உறுப்பின் ஊன விழுக்காடு வேறு, வருவாய்த் திறன் இழப்பு வேறு என்பதை 2010 அக்டோபரில் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் என்ற வாகன விபத்து வழக்கு தெளிவாக்கியது. இரண்டும் தொழிலை முன்னிறுத்தியவை. எனினும் தச்சருக்குக் காட்ட வெட்டுண்ட கை இருந்தது. வெளியே தெரியாத வலி உடையவருக்கு அத்தகைய சான்றில்லை.

விபத்தே இல்லாமல் வேலையால் வரும் வலியின் நிலை இன்னும் இக்கட்டானது. தியாகராய நகர் ரங்கநாதன் தெரு போன்ற கடைவீதிகளில் நாள்முழுதும் நின்றே விற்பவர்களின் முழங்கால் வலிக்கும், காலில் நரம்பு சுருட்டிக்கொள்வதற்கும், தொழில்நோய்களைக் கூறும் மூன்றாம் அட்டவணையில் இடமில்லை. 2021இல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் (1947) 22-அ பிரிவு சேர்க்கப்பட்டு, பணியாளர் அனைவருக்கும் இருக்கை வசதி கட்டாயமாக்கப்பட்டது. கேரளம் 2018இலேயே இதைச் செய்திருந்தது. நாள்முழுதும் நிற்பதால் உடல்நலக் கேடுகள் வருகின்றன என்று தமிழகச் சட்ட முன்வடிவின் நோக்க உரை வெளிப்படையாகக் கூறியது. ஒவ்வொருவரின் வலியையும் சோதித்து எண் இடாமலேயே சட்டம் இங்கு அதை ஏற்றுக்கொண்டது. ஆயினும் அப்பிரிவு தருவது இருக்கை மட்டுமே. நின்று நின்று ஏற்கெனவே முழங்கால் தேய்ந்து வேலையை விட்டவர் இழப்பீடு கோரினால், அவர் முன் விரிவது பழைய அட்டவணைகளே.