அழகான முகமா, நிற்கக்கூடிய பிரேக்கா?

பழைய வொக்ஸ்வேகன் கேம்பர் வேன்களைப் பார்த்தால் நமக்கெல்லாம் ஒன்றுபோலத்தான் தெரியும். வாங்க வருபவரோ முதலில் "எத்தனையாம் ஆண்டு?" என்றுதான் கேட்பார். அந்த ஒரு கேள்விக்குள் ஒரு முழு வரலாறே இருக்கிறது.

1947 ஏப்ரலில் நெதர்லாந்து இறக்குமதியாளர் பென் பொன் தன் குறிப்புப் புத்தகத்தில் ஒரு பெட்டி போன்ற வாகனத்தைக் கிறுக்கினார். 1950 மார்ச்சில் ஜேர்மனியின் வொல்ஸ்பேர்க்கில் உற்பத்தி தொடங்கியது. பின்புறத்தில் 1131 சிசி இயந்திரம், வெறும் 25 குதிரைவலு. போரில் இடிந்த நாட்டுக்கு அப்போது தேவைப்பட்டது சாமான் ஏற்றும் வண்டிதான். அடுத்த ஆண்டே வெஸ்ட்பாலியா நிறுவனம் அதற்குள் கட்டிலும் அலுமாரியும் வைத்து, அதை வீடாக்கியது.

முன்கண்ணாடி இரண்டாகப் பிரிந்த அந்த முதல் தலைமுறை 1967 வரை ஜேர்மனியில் வந்தது. இன்று ஏலங்களில் பெரிய விலைக்குப் போவதும் அதுதான். ஆனால் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். 1966 நடுப்பகுதி வரை மின்சாரமும் 6 வோல்ட்தான்.

1967 ஓகஸ்டில் வளைந்த ஒற்றைக் கண்ணாடியுடன் இரண்டாம் தலைமுறை வந்தது. இதிலும் எல்லா ஆண்டும் ஒன்றல்ல. 1971 மாடலில் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் கிடைத்தது. 1972 மாடலில் 1700 சிசி இயந்திரத்தையும் தெரிவு செய்யலாம். 1973 மாடலில் பம்பருக்கு மேலே இருந்த சிக்னல் விளக்குகள் ஹெட்லைட்டுக்கு மேலே ஏறின. மோதலைத் தாங்க முன்பகுதியும் பலப்படுத்தப்பட்டது. 1976 மாடலில் 2000 சிசி வந்தது.

ஆகவே பழைய முகமும் நல்ல பிரேக்கும் சேர்ந்து வேண்டுமென்றால் 1971. மலையேற்றமும் நீண்ட பயணமும் என்றால் அதற்குப் பிந்தியவை. காட்சிக்கு மட்டும் என்றால் 1967க்கு முந்தியவை.

இந்த வண்டியில் ஓட்டுநரின் முழங்காலுக்கு முன்னால் இயந்திரம் கிடையாது, ஒரு தகடுதான். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர் முகத்தின் அழகை மட்டும் பார்த்து ஆண்டைத் தெரிவு செய்யலாமா?

இன்னொன்று. மாடல் ஆண்டு ஜனவரியில் அல்ல, ஓகஸ்டில் தொடங்கும். 1970 செப்டெம்பரில் செய்த வேன் 1971 மாடல். 1971 செப்டெம்பரில் செய்தது 1972 மாடல். பதிவுப் புத்தகத்தில் உள்ள ஆண்டு அதைச் சொல்லாமல் போகலாம். அறுபதுகளின் நடுப்பகுதி முதல் எழுபதுகள் முடியும் வரை சேஸி எண்ணின் மூன்றாவது இலக்கத்தைப் பாருங்கள்: 1 என்றால் 1971, 2 என்றால் 1972.

வகுப்பில் நாம் பிள்ளைகளுக்குச் சொல்வதும் இதைத்தானே: யாரோ சொன்ன ஆண்டை அப்படியே எழுதாதே, மூல ஆதாரத்தைப் பார். எண்ணைப் பார்த்த பிறகு குனிந்து வண்டியின் அடித்தளத்தையும் பாருங்கள். எந்த ஆண்டு மாடலானாலும் துரு விட்டுவைப்பதில்லை.