வளர்ச்சிக் கட்டணம்

நிலத்தை மனைகளாகப் பிரிப்பவர், அதில் கட்டடம் எழுப்புபவர், நிலத்தின் பயன்பாட்டை மாற்றுபவர் ஆகியோரிடம் திட்டக் குழுமம் வசூலிக்கும் தொகை. ‘வளர்’ என்னும் வினையடியாகப் பிறந்த வளர்ச்சி, ‘கட்டு’ என்பதிலிருந்து வந்த கட்டணம் என இரண்டும் தமிழ்ச் சொற்கள். கட்டுதல் என்பதற்கு எழுப்புதல், செலுத்துதல் என இரு பொருளும் உண்டு. கட்டுபவரே கட்ட வேண்டிய தொகைக்கு இது பொருத்தமாகவே வாய்த்திருக்கிறது. வளர்ச்சி என்பதற்கு முன்பு பெருவழக்காயிருந்த ‘அபிவிருத்தி’ ஒரு வடமொழிச் சொல்லின் தமிழ் வடிவம்; இலங்கையில் அதுவே இன்றும் ஆட்சிச் சொல்.

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 வளர்ச்சி என்னும் சொல்லுக்குத் தனிப்பொருள் தருகிறது. அங்கே வளர்ச்சி என்பது முன்னேற்றமன்று. கட்டுமானம், அகழ்வு, பயன்பாட்டு மாற்றம் ஆகியவையே. நெல் விளைந்த வயலில் மனைக்கல் நடுவதும் சட்டத்தின் கண்ணில் வளர்ச்சிதான்.

புதுக் குடியிருப்பு வந்தால் சாலை, குடிநீர், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றின் சுமை கூடும்; அதை ஊர் முழுவதன் வரிப்பணத்தில் ஏற்றாமல், ஆதாயம் பெறுபவரிடமே ஒரு பங்கு பெறுவது நோக்கம். பெரிய கட்டடங்களுக்கு உட்கட்டமைப்பு வசதிக் கட்டணம் தனி.

பணமாக அன்றி நிலமாகப் பெறுவதும் உண்டு. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை நீங்கலாக 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுக்க வேண்டும். கட்டாயமாகக் கொடுப்பதானாலும் பத்திரத்தின் பெயர் என்னவோ தானப் பத்திரம்தான்.